விஆரில் பறக்கப் பழைய கம்ப்யூட்டர் தாங்குமா? கேள்விகளும் பதில்களும்

இந்த முறை ஒரே வகைக் கேள்விகள் நிறைய வந்திருப்பதால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கையில் சில வருடம் பழைய கேமிங் கம்ப்யூட்டர் இருக்கிறது, மெய்நிகர் உலகத்தைக் கண் முன்னால் காட்டும் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விமான சிமுலேட்டரின் காக்பிட்டில் உட்கார வேண்டும், எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது? கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எல்லோரும் இதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: ஐ7 7700கே பிராசசர், ஜிடிஎக்ஸ் 1070 கார்டு, 16 ஜிபி ரேம். சாதாரண மானிட்டரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 குறை சொல்ல முடியாமல் ஓடுகிறது. நண்பரிடம் மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். படம் விட்டு விட்டு நகர்கிறது, தலையைத் திருப்பினால் உலகம் ஒரு கணம் கழித்துப் பின்னால் வருகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டாக ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். மீதி எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால், புதுக் கார்டு பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும், நீங்களும் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

முதலில் கார்டின் பாடு. உங்கள் மானிட்டர் 1920×1080 என்றால் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு தடவை வரையும் முழுப் படத்துக்கு, சுமார் 20 லட்சம் புள்ளிகள் வரைய வேண்டும். குவெஸ்ட் 3-ல் ஒரு கண்ணுக்கு 2064×2208, இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் 91 லட்சம். அதோடு விடுவதில்லை. ஹெட்செட்டின் லென்ஸ் படத்தை ஒரு பக்கமாக வளைத்துக் காட்டும் என்பதால் அதை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாக வளைத்து அனுப்ப வேண்டும், அப்படி இழுக்கும்போது நடுப்பகுதி மங்காமல் இருக்க பேனலில் (ஹெட்செட்டுக்குள் இருக்கும் திரையில்) உள்ளதைவிடப் பெரிய படமாக வரைந்து பிறகு சுருக்க வேண்டும். ரிவெர்ப் ஜி2 என்ற ஹெட்செட்டின் பேனல் கண்ணுக்கு 2160×2160 தான், ஆனால் ஹெட்செட்டை இயக்கும் ஸ்டீம்விஆர் மென்பொருள் அதற்கு 100 சதவீதம் என்று கேட்கும் படம் அகலத்திலும் உயரத்திலும் 3000-ஐத் தாண்டும். புள்ளிக் கணக்கில் இரண்டு மடங்கு! 2016-ல் வந்த 1070-இடம் இதைக் கேட்பது அநியாயம்தான்.

இதற்குக் கிடைக்கும் நேரமோ கொஞ்சம். நொடிக்கு 90 தடவை படத்தை மாற்றும் 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒரு ஃபிரேமுக்கு 11.1 மில்லி செகண்ட், 72 ஹெர்ட்ஸில் 13.9. மானிட்டரில் 35 ஃபிரேம் வந்தாலும் கண் மன்னித்துவிடும். தலையோடு சேர்ந்து திரையும் திரும்பும்போது அந்தச் சலுகை கிடையாது.

இனி பிராசசர். எட்டு கோர் இருந்தால் வேலையை எட்டாகப் பிரித்துக்கொள்ளும் என்று நினைப்போம். ஃப்ளைட் சிமுலேட்டரில் அது முழுதாக நடப்பதில்லை. விமானத்தின் எரிபொருள், மின்சாரம், ஆட்டோபைலட், இறக்கையில் காற்று படும் கணக்கு, சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், கீழே வந்துகொண்டிருக்கும் நிலப்பரப்பு, இத்தனையையும் கோர்த்து கார்டுக்கு ‘இதை வரை’ என்று சொல்லும் வேலையின் பெரும்பகுதி மெயின் த்ரெட் என்ற ஒரே வரிசையில்தான் போகிறது. வீட்டில் பத்துப் பேர் இருந்தும் சாவிக்கொத்து ஒருவர் கையில் இருப்பது மாதிரி. விஆரில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதால் அந்த ஒருவருக்கு இன்னும் சுமை.

எது அடைக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே விமான நிலையம், ஒரே வானிலை, ஓடுபாதையில் நின்றபடி ஃபிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விஆர் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து மறுபடி பாருங்கள். எண்ணிக்கை தாவி ஏறினால் கார்டு திணறியிருக்கிறது. அசையவே இல்லை என்றால் பிராசசர்தான் குற்றவாளி, உலகத்திலேயே பெரிய கார்டைக் கொண்டுவந்து போட்டாலும் அந்த எண் மாறாது. ஃப்ளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் அடைப்பது மெயின் த்ரெட்டா, ஜிபியுவா (கார்டா) என்று அதுவே சொல்லிவிடும். எக்ஸ்பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரிலும் இரண்டின் நேரத்தையும் தனித்தனியாகத் திரையில் வரவைக்கலாம்.

உங்கள் விஷயத்தில் இன்று அடைப்பது 1070. அதை மாற்றிய மறுநாள் அடைக்கப்போவது 7700கே. அதற்கு நான்கே கோர், உங்கள் மதர்போர்டில் அதற்கு மேல் போட வேறு பிராசசரும் கிடையாது. விண்டோஸ் 11-இன் பிராசசர் பட்டியலிலும் அது இல்லை, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே போர்டும் பிராசசரும் இன்றில்லாவிட்டால் நாளை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பணத்தை இரண்டு தவணையாகத்தான் போட முடியும் என்றால் என் யோசனை இது: முதல் தவணையில் கார்டும் அதற்கேற்ற மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும். ஆனால் இந்தக் கம்ப்யூட்டருக்குப் பொருத்தமான கார்டு என்று சின்னதாகத் தேடாதீர்கள், அடுத்து கட்டப்போகும் கம்ப்யூட்டருக்கான கார்டை இப்போதே வாங்கி இதில் போடுங்கள். இரண்டாம் தவணையில் போர்டும் பிராசசரும். ரேம் டிடிஆர்4 என்பதால் அதை ஏற்கும் போர்டாக எடுத்தால் பழைய ரேமையே தொடரலாம் (அளவைக் கூட்டுவது வேறு விஷயம், அதைக் கீழே சொல்கிறேன்). நடுவில் உள்ள மாதங்களில் பிராசசரின் பாரத்தைக் குறைக்கும் செட்டிங்ஸை கீழே வேறொரு பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு, ஆர்டிஎக்ஸ் 2070 கார்டு. எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, இன்று கடிதம் எழுதியவர்களில் அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி நிறுவனம் பல தலைமுறைக்கு மாற்றாமல் வைத்திருந்தது. அதே போர்டில் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரைக்கும் ஏறலாம்.

பெயரின் கடைசியில் உள்ள 3டி-யில்தான் விஷயம். சிப்பின் மேல் இன்னொரு அடுக்காகக் கேஷ் நினைவகத்தை ஒட்டி மொத்தம் 96 எம்பி எல்3 கேஷ் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் 2600-இல் இருப்பது 16 எம்பி. ஒவ்வொரு தகவலுக்கும் எழுந்து போய் அலமாரியைத் திறப்பதற்கும், வேண்டியதெல்லாம் மேசையிலேயே பரப்பி இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. சிமுலேட்டர்கள் துண்டு துண்டாக ஏராளமான தகவலை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருப்பவை என்பதால் மற்ற கேம்களைவிட இந்தக் கேஷில் அதிகம் பலன் அடைகின்றன. கேஷ் பெரிதாக இருந்தால் நெருக்கடியான விமான நிலையங்களில் வரும் திடீர்த் திக்கல்கள் குறையும், விஆரில் சராசரி எண்ணிக்கையைவிட அந்தத் திக்கல்கள்தான் ஆளைக் கொல்பவை.

5800எக்ஸ்3டி-யும் அதன் தம்பி 5700எக்ஸ்3டி-யும் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது, செகண்ட் ஹேண்டில் தேட வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் 3டி இல்லாத 5700எக்ஸ் அல்லது 5600 கூட 2600-இலிருந்து பெரிய தாவல்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பழைய பிராசசர் உட்கார்ந்திருக்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் திரை கறுப்பாகவே இருக்கும், மறுபடி பழையதை மாட்ட வேண்டியதுதான். 5800எக்ஸ்3டி பெட்டிக்குள் கூலர் வராது, அது சூடாகும் ரகம் வேறு, எனவே 2600-உடன் வந்த குட்டிக் கூலரை அதன் தலையில் கட்டாதீர்கள். 2070-ஐ இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பிராசசர் மாற்றிப் பறந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

கேள்வி: புதிய ஆர்டிஎக்ஸ் 4060-ஆ, செகண்ட் ஹேண்ட் 3080-ஆ? போர்டு பழசு, கார்டு சொருகும் இடம் பிசிஐஇ 3.0.

விஆருக்கு என்றால் 3080. 4060-இல் நினைவகம் 8 ஜிபி, அது விஆர் ரெசல்யூஷனில் சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்ததும் கார்டு மீதியைக் கம்ப்யூட்டரின் ரேமில் வைத்து எடுத்து வரும், அப்போதுதான் படம் குலுங்கும். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை: 4060 பிசிஐஇ-யில் 16 பாதைகளைப் பயன்படுத்துவதில்லை, 8 மட்டுமே. 4.0 போர்டில் அது பெரிதாகத் தெரியாது. உங்கள் 3.0 போர்டில் வேகம் அதிலும் பாதி. நினைவகம் நிரம்பி வழியும் நேரத்தில் குறுகலான சந்தில் லாரி விட்ட கதை.

3080-இன் குறை மின்சாரம். 320 வாட் கார்டு, கண நேரத்துக்கு அதற்கு மேலும் உறிஞ்சும், 750 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 4070 பாருங்கள். ஏறக்குறைய அதே வேகம், 12 ஜிபி, 200 வாட்தான். கை தாராளமாக இருந்தால் 16 ஜிபி உள்ளவற்றுக்குப் போகலாம், 4070 டிஐ சூப்பர், 5070 டிஐ, ஏஎம்டி-யில் 7800 எக்ஸ்டி போன்றவை. ஏஎம்டி எடுத்தால், சிறிய படமாக வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது டெஸ்க்டாப் திரையைக் காட்டி ‘ஓடுது பாருங்க’ என்றால் நம்பக்கூடாது. ஒரு மணி நேரம் கனமான எதையாவது ஓட விட்டு சூடு, ஃபேன் சத்தம், திரையில் புள்ளி கோடு ஏதும் வருகிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ரிவெர்ப் ஜி2 யாரோ பாதி விலைக்குத் தருகிறார்கள். சிமுலேட்டருக்கு அதுதான் சிறந்தது என்று எப்போதோ படித்தேன்.

எப்போதோ படித்தது அப்போது உண்மை. 2020-இல் வந்தபோது கடிகார முள்ளையெல்லாம் அவ்வளவு தெளிவாகக் காட்டிய ஹெட்செட் அந்த விலையில் வேறு இல்லை. ஆனால் அது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற விஆர் மென்பொருளை நம்பி இருந்தது, மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டு விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டது. அந்தப் பதிப்புக்கு ஏறிய கம்ப்யூட்டரில் ஜி2 வெறும் கறுப்புக் கண்ணாடி. பிறகு ஓயாசிஸ் என்ற இலவச டிரைவர் வந்து அதற்கு ஸ்டீம்விஆர் வழியாக மறுபடி உயிர் கொடுத்திருக்கிறது, ஆனால் என்விடியா கார்டு இருந்தால்தான் வேலை செய்யும்.

உங்களிடம் என்விடியா இருந்து, கேபிள் நல்ல நிலையில் இருப்பதை மாட்டிப் பார்த்து, விலையும் உண்மையிலேயே பாதிக்குக் கீழே என்றால் எடுக்கலாம். ‘வாங்கி மாட்டினால் ஓட வேண்டும், எனக்கு நோண்டத் தெரியாது’ என்றால் வேண்டாம்.

கேள்வி: குவெஸ்ட்டை வயர் இல்லாமல் வைஃபையில் ஓட்டினால் தரம் குறையுமா?

வயரிலும் குறையத்தான் செய்கிறது! குவெஸ்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது. யுஎஸ்பி வழியோ வைஃபை வழியோ, கார்டு வரைந்த படத்தை வீடியோவாகச் சுருக்கி அனுப்பி, ஹெட்செட் அதைப் பிரித்துக் காட்டுகிறது. சுருக்கும் வேலையும் கார்டின் தலையில்தான். எனவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது.

வைஃபையில் ஓட்ட ஒரே நிபந்தனை, கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு வயர் போயிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காற்றில் போனால் திக்கும். ரவுட்டர் அதே அறையில், 5 கிகாஹெர்ட்ஸில், வைஃபை 6 என்றால் நல்லது. காக்பிட்டில் உட்கார்ந்த இடத்தில்தானே இருக்கப்போகிறீர்கள், எழுந்து நடனமாடப்போவதில்லை, அதனால் நான் வயரில்தான் ஓட்டுகிறேன். பேட்டரியைப் பற்றியும் கொஞ்சம் குறைவாகக் கவலைப்படலாம்.

கேள்வி: 16 ஜிபி ரேம் போதுமா? எஸ்எஸ்டி மாற்றினால் ஃபிரேம் கூடுமா?

போதாது, 32 போடுங்கள். போர் விமான சிமுலேட்டரான டிசிஎஸ் வேர்ல்டில் பெரிய வரைபடங்களில் அதற்கு மேலும் தின்னும். ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் போட்டு, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி-யைப் பயாஸில் ஆன் செய்யுங்கள், வருடக்கணக்கில் அதை ஆன் செய்யாமலே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்டி-யால் ஃபிரேம் கூடாது, காத்திருக்கும் நேரம் குறையும், அவ்வளவுதான். ஆனால் சிமுலேட்டர் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: எவ்வளவு குறைத்தும் 90 ஃபிரேம் வரவில்லை, 50-க்கும் 65-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கிறது. 90 இல்லாமல் விஆரே கூடாது என்கிறார்களே?

அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வாள் சுற்றும் கேம் ஆடுகிறவர்கள். 90-ஐத் துரத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பிரச்சினை எண் குறைவாக இருப்பது இல்லை, ஆடுவது. 50-க்கும் 65-க்கும் நடுவில் ஊசலாடுவதைவிட அசையாத 36 எவ்வளவோ நிம்மதி. நான் இதைச் சொன்னால் நம்பாமல், செய்து பார்த்த பிறகு ஒத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

எப்படி என்றால், ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸில் வைத்து, சரிபாதியான 36-இல் ஃபிரேமைப் பூட்டிவிடுங்கள். இப்போது கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபிரேமுக்கு 27.8 மில்லி செகண்ட் கிடைக்கிறது, மூச்சு விட இடம். நடுவில் விடுபடும் ஃபிரேமை, முந்தைய இரண்டு படங்களில் எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்து மென்பொருளே ஊகித்து வரைந்துவிடும். மெட்டாவில் இதற்கு அசிங்க்ரோனஸ் ஸ்பேஸ்வார்ப் என்று பெயர், ஸ்டீம்விஆரில் மோஷன் ஸ்மூதிங். தலை திரும்புவதை ஈடுகட்டும் வேலை இதிலிருந்து தனியாக ஒவ்வொரு ரெஃப்ரெஷுக்கும் நடந்துகொண்டிருக்கும், அதனால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் காக்பிட் உங்களோடு ஒட்டிக்கொண்டே வரும். 80-க்கு 40, 90-க்கு 45 என்றும் வைக்கலாம், எது அசையாமல் நிற்கிறதோ அது.

ஊகம் ஊகம்தானே, சில இடங்களில் மாட்டிக்கொள்ளும். சுழலும் புரொப்பெல்லரைச் சுற்றி தண்ணீர் அலைவது போல இருக்கும், தாழப் பறக்கும்போது ஜன்னல் ஓரம் நெளியும், குறுக்கே பாயும் இன்னொரு விமானம் இரண்டாகத் தெரியும். மேகத்துக்கு மேலே நிதானமாகப் போகிற பயணிகள் விமானத்துக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. டிசிஎஸ்ஸில் எதிரியைத் தேடிப் பறப்பவர்களுக்குத் தொந்தரவுதான், அவர்கள் ஊகத்தை அணைத்துவிட்டு, அழகையெல்லாம் குறைத்து 72-ஐப் பிடிக்க முயல வேண்டும்.

பூட்டிய எண்ணைக் காப்பாற்ற எதைக் குறைப்பது என்பது உங்களுக்கு எது அடைக்கிறது என்பதைப் பொறுத்தது. பிராசசர் அடைத்தால்: நிலப்பரப்பு எவ்வளவு தூரம் வரை விவரமாகத் தெரிய வேண்டும் என்ற டெரெய்ன் எல்ஓடி, வானத்தில் பறக்கும் மற்ற விமானங்கள், நிலையத்தில் சுற்றும் வண்டிகள், காக்பிட் திரைகளின் ரெஃப்ரெஷ் வேகம். கார்டு அடைத்தால்: மேகம், நிழல், பிரதிபலிப்பு, கடைசியாக ரெசல்யூஷன். கார்டு திணறும்போது போக்குவரத்தைக் குறைத்து ஒரு பயனும் இல்லை, நிறையப் பேர் இதைத்தான் செய்துவிட்டு ‘எதைக் குறைத்தாலும் ஏறவில்லை’ என்கிறார்கள். ஃப்ளைட் சிமுலேட்டரில் விஆருக்கென்று தனி கிராபிக்ஸ் பக்கம் இருக்கிறது, மானிட்டர் பக்கத்தில் மாற்றிவிட்டு விஆரில் தேடாதீர்கள். (நானே ஒரு மாலை முழுக்க அப்படிச் செய்திருக்கிறேன்.)

இன்னொன்று, லென்ஸின் ஓரத்தில் படம் எப்படியும் மங்கல்தான் என்பதால் ஓரத்தைக் குறைந்த தரத்தில் வரைந்து நடுவை மட்டும் கூர்மையாக வரையும் ஃபோவியேட்டட் ரெண்டரிங் என்ற முறை. ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-இல் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. குவெஸ்ட் புரோ, பைமாக்ஸ் கிரிஸ்டல் போலக் கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் ஹெட்செட் இருந்தால், டிசிஎஸ்ஸில் பார்வை போகிற இடம் மட்டும் கூர்மையாவது போலச் செய்யலாம். கார்டுக்கு நல்ல இளைப்பாறல், பிராசசருக்கு இல்லை, நான்கு காட்சியாகப் பிரித்து வரையச் சொல்வதால் அதற்கு வேலை கொஞ்சம் கூடவே செய்யும்.

கேள்வி: டிஎல்எஸ்எஸ் போட்டதும் ஃபிரேம் ஏறியது, ஆனால் காக்பிட் திரையில் எண்கள் மாறும்போது பழைய எண்ணின் நிழல் கூடவே வருகிறது.

அது அப்படித்தான். சிறிய படமாக வரைந்து, முந்தைய ஃபிரேம்களில் உள்ள தகவலையும் சேர்த்துப் பெரிதாக்குவது அதன் வேலை. குவாலிட்டி மோடில்கூட ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்குதான் உண்மையில் வரைகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் உயர எண்ணுக்கு முந்தைய ஃபிரேமில் இருந்தது பொய்த் தகவல், அதுதான் நிழல். 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புதிய மாடலில் இது நன்றாகவே குறைந்திருக்கிறது, பழைய 20 தொடர் ஆர்டிஎக்ஸ் கார்டிலும் ஓடும், முதலில் அதை முயலுங்கள். அப்படியும் கண்ணை உறுத்தினால் முள் கடிகாரம் வைத்த செஸ்னா 172-க்கு டிஎல்எஸ்எஸ், முழுக்கத் திரைகளாக இருக்கும் ஏர்பஸ்ஸுக்கு, படத்தை முழு அளவிலேயே வரையும் டிஏஏ என்று பிரித்துக்கொண்டு, டிஏஏ கேட்கும் கூடுதல் உழைப்புக்கு மேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

கேள்வி: பிரபல நிறுவனத்தின் ரெடிமேட் டவர், 460 வாட் எஸ்எம்பிஎஸ். இதில் பெரிய கார்டு போடலாமா?

போடுவதற்கு முன் மூடியைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள். கேபினெட்டில் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, இப்போதைய கார்டுகள் 300-ஐ எளிதாகத் தாண்டும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்கு வரும் 8 பின் வயர் எத்தனை. மதர்போர்டில் எஸ்எம்பிஎஸ் சொருகும் இடம் வழக்கமான 24 பின்னா. ரெடிமேட் கம்ப்யூட்டர்களில் சில நிறுவனங்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருப்பார்கள், அப்படி இருந்தால் கடையில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அந்த நிலையில் மேம்படுத்துவதைவிட, உள்ளிருக்கும் பிராசசரையும் ரேமையும் வேறு போர்டு, வேறு கேபினெட்டுக்குக் குடிபெயர்ப்பது நல்லது.

எஸ்எம்பிஎஸ் மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் ஒன்று, என் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. வயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையில், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயர்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டுப் புது எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வைத்து அதே வயர்களைச் சொருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பவர் போட்டதும் ஒரு சின்ன ‘டிக்’, ஒரு வாடை, இரண்டு எஸ்எஸ்டி காலி. டிரைவ் பக்கத்து முனைதான் எல்லோருக்கும் பொது, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் குழியில் எந்த வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல் மாறும். சோம்பலுக்குப் பார்க்காமல் வயரையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாம் நன்றாக ஓடுகிறது, பத்து நிமிடத்தில் எனக்குத்தான் குமட்டுகிறது. இது பழகுமா?

பெரும்பாலானவர்களுக்குப் பழகும், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பழகக் கூடாது. கண் ‘திரும்புகிறோம்’ என்கிறது, உள்காது ‘உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது, இரண்டுக்கும் நடக்கும் சண்டைதான் குமட்டல். லேசாக ஆரம்பித்த உடனேயே கழற்றிவிடுங்கள். தாங்கிக்கொண்டு இன்னும் அரைமணி ஓட்டினால் அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்ததும் வயிறு முன்னாடியே ஞாபகப்படுத்தும். முதல் வாரம் அமைதியான வானிலை, மெதுவான விமானம், உயரத்தில் நேராகப் பறப்பது. தரையில் டாக்ஸி செய்து வளைவதும், ஹெலிகாப்டரும், சாகசமும் அப்புறம். முகத்தில் மின்விசிறிக் காற்று படட்டும். லென்ஸ் இடைவெளி உங்கள் கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள், பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உங்களுடையதை அளந்து வைப்பதே சரி. தவறாக இருந்தால் எந்தக் கார்டாலும் காப்பாற்ற முடியாது.

ஃபிரேம் ஆட்டமும் குமட்டலைக் கூட்டும். உங்களுக்கு ‘நன்றாக ஓடுகிறது’ என்பது சராசரி எண்ணைப் பார்த்துச் சொன்னதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெட்செட்டை மாட்டியதும் கீபோர்டு தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் மூக்கு இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறேன். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

அதே இடுக்கு வழியாகத்தான் பார்க்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. கார்டுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து பட்டன் நிறைய உள்ள ஜாய்ஸ்டிக், த்ராட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், கை இடத்தைப் பழகிவிட்டால் கண் தேவையில்லை. சக்கரம், ஃப்ளாப்ஸ், ட்ரிம், பிரேக் நான்கும் கட்டாயம் கைக்கு அடியில் இருக்க வேண்டும். காக்பிட்டில் உள்ள மற்ற சுவிட்சுகளுக்கு மவுஸ் போதும். பார்வையை நேராக்கும் ரீசென்டர் கட்டளையை ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள், நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால்கூட அது வேண்டியிருக்கும். கீபோர்டில் விட முடியாத ஒன்றிரண்டு கீ இருந்தால் அவற்றின் மேல் சின்னதாக ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், விரல் தேடிக் கண்டுபிடித்துவிடும். சிமுலேட்டரை நிறுத்திவைக்கும் பாஸ் (Pause) கீயையும் எஸ்கேப்பையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், யாராவது கதவைத் தட்டும்போது அந்த டேப்தான் விமானத்தைக் காப்பாற்றுகிறது.